தினம் ஒரு ஃபியூஸ்

என் வீட்டுக்காரருக்கு வண்டி என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி மேல் அவருக்கு ஒரு பிரியமும் கிடையாது. பளபளவென்று துடைத்து வைக்கிற ஆள் இல்லை. எங்கள் காரின் கதவில் என்றோ விழுந்த கீறல் துருப்பிடித்து அப்படியேதான் கிடக்கிறது. அவருக்குப் பிடித்தது பழுது. ஓடுகிற வண்டியை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். நின்றுபோன வண்டி ஒன்று கண்ணில் பட்டால் போதும், சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், பெண்டாட்டியும் வேண்டாம்.

கார் எலக்ட்ரிஷியன் அவர். டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில், ஒரு கார் நுழைந்துவிட்டால் ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும் என்கிற அளவில் ஒரு பட்டறை. எங்கள் கல்யாணமே ஒரு ஹாரனால் நடந்ததுதான். என் அப்பாவின் வண்டியில் ஹாரன் அலற ஆரம்பித்து நிற்கவே இல்லை. தெருவே காதைப் பொத்திக்கொண்டு நின்றது. யாரோ இவரைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் குனிந்து எதையோ பிடுங்கினார், சத்தம் நின்றது. "ஹாரன் பட்டன் ஒட்டிக்கிச்சு சார். ஃபியூஸை எடுத்திருக்கேன். பட்டனைச் சரி பண்ற வரைக்கும் இதைத் திருப்பிப் போடாதீங்க" என்றார். அப்பாவுக்கு அந்த நிதானம் பிடித்துவிட்டது. எனக்குப் பிடித்தது அவருடைய காது. அவ்வளவு பெரிய காது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, அத்தனை பெரிய காதிலும் நான் சொல்வது ஏறாது என்று.

மதியச் சாப்பாடு கொண்டுபோனால் என்னை டார்ச் பிடிக்க வைத்துவிடுவார். நான் சும்மா பிடிக்க மாட்டேன். அதைப் பாருங்கள், இதைப் பாருங்கள் என்று வாய் ஓயாது. "வந்துட்டாங்கப்பா சூப்பர்வைசர்" என்று சிரிப்பார். அப்படி நின்று நின்றே அவர் வேலை எனக்குக் கண்ணில் பதிந்துவிட்டது. ஃபியூஸில் கை வைக்கும்முன் எஞ்சினை நிறுத்திச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். ஈரக் கையைத் துடைப்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியைத் திறந்து, மூடியில் இருக்கும் படத்தைப் பார்த்து, எந்தக் குழி எதற்கு என்று நிச்சயமான பிறகுதான் சின்ன பிளாஸ்டிக் இடுக்கியால் ஃபியூஸை நேராக இழுப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு அறுந்திருந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு, நீலம் இருந்த இடத்தில் நீலம், மேலே இருக்கும் எண்ணும் மாறக் கூடாது. புதிதாகப் போட்டதும் உடனே போய்விட்டால் இன்னொன்றைப் போட மாட்டார். கம்பி எங்கே உரசுகிறது என்று தேடக் கிளம்பிவிடுவார்.

ஒருமுறை ஒரு ஆள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஃபியூஸில் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தார். டாஷ்போர்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. இவர் அன்றைக்குக் கத்திய கத்து தெருக்கோடி வரை கேட்டது. "அது சாகறதுக்குன்னே வச்சிருக்கிற பொருளுய்யா! அது செத்தாத்தான் நீ பொழைப்ப. அதைச் சாக விடாம தாளைச் சுத்தினா வண்டியோட நீயும் எரிவ!" அந்த ஆள் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. வந்த வாடிக்கையாளரை இப்படி விரட்டுகிறாரே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவர் கருகின ஃபியூஸை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு மூடினார். வாக்குவாதம் பண்ணுகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பாட்டில் நிறைய செத்த ஃபியூஸ்கள் வைத்திருந்தார்.

மறதி வந்தது எனக்கு முதலில் தெரியவில்லை. ஹெட்லைட்டைப் போட்டால் வைப்பர் ஆடுகிற மாதிரி ஒரு வண்டிக்குக் கம்பி இணைத்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அடுத்து ஒருவருடைய சாவியை இன்னொருவரிடம் கொடுத்தார். வாடிக்கையாளர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை, அதுதான் கொடுமை. பாவம் என்று பேசாமல் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். டாக்டர் தலையைப் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இது மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிற நோய், குணமாகாது, இனி இவர் வண்டி ஓட்டவே கூடாது என்றார். பட்டறையை மூடி, சாமான்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தால்தானே? காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "பட்டறைக்கு நேரமாச்சு" என்று நிற்பார். ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காரை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். போனது பள்ளிக்கூடத் தெருவுக்கு. பிள்ளைகள் உள்ளே போகிற நேரத்தில், எதிர்த்திசையில். வாசல் காவலாளி பானெட்டில் ஓங்கி அடித்ததால் நின்றார். நான் தலைதெறிக்க ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு சின்னப் பெண்ணின் தண்ணீர் பாட்டில் டயருக்கடியில் நசுங்கிக் கிடந்தது. அந்தக் குழந்தை அழக்கூடத் தோன்றாமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றிருந்தால் அந்தத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். "திருடி! என் பொழப்பைக் கெடுக்கறியேடி!" என்றார். வாழ்நாளில் என்னை அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஜென்மமா? பதிலுக்குக் கத்தினேன். கடைசியில் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "வேலைக்குப் போகாம நான் என்னதான் பண்ணுவேன்?" என்று அழுதார். அந்த அழுகையைத் தினமும் பார்க்க என்னால் முடியாது. வெளியூரில் இருக்கிற மகன் போனில், "வண்டிய வித்துடுங்கம்மா, பிரச்சினை தீர்ந்துச்சு" என்றான். "உங்கப்பாவையும் சேர்த்து வித்துடவாடா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

வழி தானாகவே வந்தது. சண்டை தாங்காமல் ஒரு காலையில் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டைப் பூட்டிக்கொண்டு குறுக்கே நின்றேன். என்மேல் ஏற்றட்டும் என்றுதான். அவர் சாவியைத் திருகினார். எஞ்சின் கரகரவென்று சுற்றியதே தவிர பற்றவில்லை. அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது. என் பழைய வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். தலையைச் சாய்த்து, சாவியைப் பாதி திருகி, பின்பக்கம் காதைக் கொடுத்தார். "பெட்ரோல் பம்பு சத்தமே இல்ல. அங்க என்னடி வேடிக்கை? டார்ச்சை எடுத்துட்டு வா, சூப்பர்வைசர்."

சாவி சட்டைப் பைக்குள் போனது. கடிகாரம் கழன்றது. நீல ஃபியூஸை இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, "பாரு, போயிடுச்சு" என்று எனக்குக் காட்டினார். ஏன் போனது என்று பின்சீட்டைத் தூக்கித் தேடி, பம்புக்குப் போகிற கம்பி ஓரிடத்தில் உரசித் தோல் உரிந்திருந்ததைக் கண்டுபிடித்து டேப் சுற்றினார். அப்புறம்தான் வேறு நீலத்தைப் போட்டார். வண்டி கிளம்பியது. கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்டுவிட்டு நிறுத்தினார். இறங்கிவந்து கையைக் கழுவிக்கொண்டு, "டீ போடு" என்றார். பட்டறைக்குப் போக வேண்டும் என்கிற எண்ணமே அவரிடம் இல்லை. பழுது பார்த்தாகிவிட்டது, அன்றைய வேலை முடிந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

அன்றிலிருந்து அவர் குளிக்கப் போனதும் நான் கார் ஷெட்டுக்குப் போவேன். பம்புக்கான நல்ல ஃபியூஸை எடுத்துவிட்டு, ஜாம் பாட்டிலிலிருந்து அதே நிறத்தில் ஒரு செத்ததைச் செருகுவேன். கட்டின புருஷனை இப்படித் தினமும் ஏமாற்றுகிறோமே என்று முதல் நாள் உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. வருவார், திருகுவார், முகம் மலரும், வேலையில் இறங்கிவிடுவார். முடிந்ததும் டீயைக் கொடுத்துச் சாவியை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். சாலையில் பிள்ளைகள் பத்திரம், வீட்டில் இவரும் சந்தோஷம். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஆனால் மனசு சும்மா இருக்குமா? அவர் சீக்கிரம் கண்டுபிடிக்கிற நாளில் பரீட்சையில் பிள்ளை பாஸான சந்தோஷம் எனக்கு. அதனால் கஷ்டமாக வைத்துப் பார்ப்போமே என்று ஒரு பேராசை. பானெட்டுக்குள் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு பெட்டியில் ஒன்றை மாற்றி வைத்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவன் இதுல கை வச்சது?"

"எலியா இருக்கும்."

"எலி வந்து மூடியத் தெறந்து, நல்லதை எடுத்துட்டு கெட்டதைப் போட்டு, திரும்ப மூடியும் வச்சிட்டுப் போச்சா?"

"படிச்ச எலி போலிருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் புரிந்து சிரித்தாரா, சும்மா சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை.

அப்புறம் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் இழுக்க ஆரம்பித்தது. பானெட்டை விட்டுவிட்டேன். முன்வரிசையில், பார்த்ததுமே தெரிகிற மாதிரி கருகிப்போன ஃபியூஸாகத் தேடி எடுத்து வைத்தேன். அப்படியும் அவர் நல்ல ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "போயிடுச்சு" என்று வைப்பார். போனதைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று திரும்பச் செருகுவார். போட்ட டீ ஆறிப்போகும். சுடவைப்பேன், மறுபடியும் ஆறிப்போகும். நான் உதவிக்குப் போனால் கோபம் வரும் என்று ஜன்னலோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பேன்.

ஒருநாள் எட்டிப் பார்த்தால், மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைக் கிழித்துச் செத்த ஃபியூஸின் காலில் சுற்றிக்கொண்டிருக்கிறார். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. "ஐயோ, என்ன பண்றீங்க!" என்று ஓடிப்போய்ப் பிடுங்கினேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. என்னைப் பயந்துபோய்ப் பார்த்து, "தப்பா?" என்று கேட்டார். அந்தத் தப்புக்காக ஒரு தெருவே நடுங்கும்படி கத்திய மனிதர். நான் உள்ளே போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

போன வாரம் குழியைக் காலியாகவே விட்டுவிட்டேன். பெட்டியின் மூடியைக்கூடத் திறந்து வைத்தேன். நல்ல ஃபியூஸைப் பக்கத்துச் சீட்டில் கண்ணில் படும்படி வைத்தேன். இதற்குமேல் நான் என்ன செய்ய? அவர் வந்து உட்கார்ந்தார், திருகினார். பற்றவில்லை. திரும்பத் திருகினார். தலையைச் சாய்த்துக் கேட்கவில்லை. இறங்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்துல பாருங்க, பக்கத்துலதான் இருக்கு, ஒரே ஒரு தடவை பாருங்க என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். இனி இவர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயும் போகப்போவதில்லை. எந்தப் பிள்ளைக்கும் இவரால் ஆபத்து இல்லை. நான் இத்தனை நாள் பாடுபட்டது அதற்காகத்தான். அது நடந்துவிட்டது, எனக்கோ நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

வெயில் ஷெட்டுக்குள் வந்து அவர் முகத்தில் அடிக்க ஆரம்பித்ததும் நானே போனேன். சாவியை உருவி என் கையில் வைத்துக்கொண்டேன். குனிந்து, ஃபியூஸை அதன் குழியில் நேராக வைத்து அழுத்தினேன். மூடியை மாட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். "இப்பப் போட்டுப் பாருங்க."

வண்டி உடனே கிளம்பியது. அந்த முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என் முன்னால் மரியாதையாக நின்றார்.

"ரொம்ப நன்றிங்கம்மா. நல்லா வேலை தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் வாடி, போடி என்றே பேசிய மனிதர்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"என் வீட்டுக்காரர்கிட்ட."

"அப்படியா! இருக்காரா அவரு?"

"இருக்காரு" என்று சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கூச்சப்பட்டுப்போய், என் மனது நோகாதபடி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார். அடுத்தவன் பெண்டாட்டியின் கையைத் தொடுகிற ஆள் இல்லை என் வீட்டுக்காரர்.