மச்சான் பொம்மை

பாய்மரத் துணி தைக்கும் ஜேபஸ் டில்டன், பாஸ்டன் நகரின் வடகோடிக்காரர். போப்பாண்டவரைக் கண்டாலே ஆகாத ஊர் அது. ஆண்டுதோறும் நவம்பரில் அவரைப் போல ஒரு பொம்மை செய்து கொடுப்பது ஜேபஸின் பொறுப்பு. வடகோடியும் தென்கோடியும் ஆளுக்கொரு பொம்மையை வண்டியில் இழுத்து வந்து, எதிராளியின் பொம்மையைப் பிடுங்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஜெயித்தவர்கள் இரண்டையும் எரிப்பார்கள். பிறகு எல்லோரும் ரம் குடிக்கப் போய்விடுவார்கள். அந்த ஒழுங்கு ஒருமுறையும் மாறியதில்லை.

அப்போதுதான் ஊரை ஆண்ட லண்டனிலிருந்து முத்திரை வரி வந்தது. செய்தித்தாள், உயில், சீட்டுக்கட்டு, எல்லாவற்றுக்கும் வரி கட்டி முத்திரைத்தாள் வாங்க வேண்டும். ஊர்க்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜேபஸும் ஊரோடு சேர்ந்து திட்டினார். ஆனால் முத்திரைத்தாள் விற்கும் பதவி கிடைத்தது அவர் மனைவியின் அண்ணன் லெமுவேலுக்கு. நான் மறுத்தால் எவனோ ஒரு லண்டன்காரன் வருவான், நம்ம ஆளே இருக்கட்டுமே என்றார் லெமுவேல். ஜேபஸுக்கு அதுவும் சரியாகப் பட்டது.

ஆகஸ்டில் ஒருநாள் வடகோடிக்காரர்களும் தென்கோடிக்காரர்களும் ஒன்றாக ஜேபஸின் பட்டறைக்கு வந்தார்கள். ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்தவர்கள் தோளில் கைபோட்டு நின்றார்கள். எரிக்க லெமுவேலைப் போல ஒரு பொம்மை வேண்டுமாம்.

"மச்சான் தொந்தி உமக்குத்தான் ஓய் அளவு தெரியும். வைக்கோல்ல கஞ்சத்தனம் பண்ணாதீரும்," என்றான் தென்கோடிக் கொல்லன் ஓபேத்.

ஜேபஸ் யோசித்தார். பொம்மை எரிந்தால் கோபமும் எரிந்துவிடும், மச்சான் தப்புவார். அதனால் பொம்மையை நன்றாகவே செய்தார். மச்சானிடமும் போய்ச் சொன்னார்:

"எங்கயும் ஓடாதீங்க மச்சான். எரிப்பாங்க, குடிப்பாங்க, தூங்கிடுவாங்க. நான் பாக்காத கூட்டமா?"

லெமுவேல் அவர் பேச்சை நம்பி வீட்டிலேயே இருந்தார்.

அந்தியில் பொம்மை எரிந்தது. கூட்டம் மதுக்கடைப் பக்கம் போகவில்லை. லெமுவேலின் தெருவுக்குத் திரும்பியது. வேலி சாய்ந்தது, ஜன்னல்கள் நொறுங்கின. அதான் எரித்தாயிற்றே என்று ஜேபஸ் ஒவ்வொருவராகப் பிடித்துக் கெஞ்சினார்.

"பொம்மையா ஓய் தாள் விக்கப்போவுது?" என்றான் ஓபேத்.

லெமுவேல் தன் கைக்குழந்தையோடு தோட்டத்து வழியாகத் தப்பி, ஜேபஸ் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். விடிந்ததும் அவரைத் தேடிக்கொண்டிருந்த அதே கூட்டம் ஜேபஸின் வாசலுக்கு வந்தது. தேடி அல்ல, பொம்மை செய்தவரைப் பாராட்ட.

"போங்க மாப்ள. நீங்க போகலைன்னா அவங்க உள்ள வருவாங்க," என்றார் லெமுவேல்.

ஜேபஸ் வெளியே வந்தார். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. ஜேபஸ் இரண்டு கைகளையும் உயர்த்தி, "வரி ஒழிக!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். கூட்டமும் கத்தியது. அழுகை அதில் அமுங்கிப்போனது.

அன்றே லெமுவேல் பதவியை விட்டார். பத்து வருஷத்தில் லண்டனோடு போரே மூண்டது. ஜேபஸ் புரட்சிக்காரர்களுக்குக் கூடாரம் தைத்தார். அன்று குழந்தைக்காகத்தானே கத்தினீர் என்று கேட்டால், குழந்தைக்காகவா, வரியை எதிர்த்தா என்று கத்தும்போதே தனக்குத் தெரியவில்லை என்பார்.