குழாயடியில் ஒரு அலுமினியத் தட்டு

எங்கள் வீட்டுக் குழாயின் கீழே ஓர் அலுமினியத் தட்டு எப்போதும் கவிழ்ந்து கிடக்கும். விளிம்பு நெளிந்து, நடுவில் பள்ளம் விழுந்த தட்டு. கல்யாணமாகி, தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டின சாம்பியன் ரீப்ஸ் லைன் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், இது என்ன குப்பை என்று அதை எடுத்துத் தேய்த்து அலமாரியில் வைத்துவிட்டேன். அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வந்தது எங்களுக்குத் தெரியாமல், அத்தனையும் சாக்கடையில் ஓடிப் போயிற்று. லைனில் எல்லார் வீட்டுக் குடமும் நிறைந்தது, எங்கள் வீட்டுக் குடம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் மாமியார் திட்டவில்லை. தட்டை எடுத்துப் பழைய இடத்திலேயே கவிழ்த்துவிட்டு, "இதாம்மா நம்ம வூட்டு மணி. தண்ணி வந்தா இதான் கூப்புடும்" என்றார்.

லைன் வீடுகளில் அதுதான் வழக்கம். தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் வரும், எத்தனை மணிக்கு என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அதனால் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். முதலில் குழாய் உஸ்ஸென்று மூச்சு விடும். அப்புறம் தட்டில் டங்கென்று ஒரு சொட்டு விழும். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் சரி, அவரவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். சுரங்கம் ஓடின காலத்தில் லைனுக்கு ஒரே பொதுக்குழாய். அங்கே வரிசையைக் கட்டிக் காத்தவர் என் மாமியார். ஐயர் அம்மாவே, அதாவது எங்கள் சபைப் பாதிரியாரின் மனைவியே, இடையில் குடத்தை நுழைத்தாலும் அதைத் தூக்கிக் கடைசியில் வைத்துவிடுவாராம். தனக்கும் அதே சட்டம்தான். காய்ச்சலோடு நின்ற நாளிலும் ஒரு குடம் முந்தியதில்லை என்று இன்றைக்கும் லைனில் சொல்வார்கள்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. தண்ணீர் விடுவதையும் பில் போடுவதையும் ஒரு தனியார் ஏஜென்சி எடுத்துக்கொண்டது. வாசலுக்கு வாசல் மீட்டர் முளைத்தது. அந்த ஏஜென்சியில்தான் எனக்கு மீட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையடக்க மிஷினில் எண்ணைத் தட்டி, அந்த இடத்திலேயே பில்லைக் கிழித்துக் கொடுப்பேன். பெங்களூருக்கு ரயிலேறாமல் சொந்த ஊரிலேயே ஒரு சம்பளம் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிரோடுதான் ஒருநாள் எங்கள் வீட்டு மீட்டரையும் பார்த்தேன்.

பில்லைப் பார்த்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கார் கழுவுகிற பெரிய வீடுகளுக்குக்கூட நான் அப்படியொரு பில் கிழித்ததில்லை. பகலில் வீட்டில் இருப்பது மாமியார் ஒருவர்தான். "குழாய அப்படியே வுட்டுட்டு எங்கயாவது பேசிக்கினு நின்னுருப்பீங்க அத்தை. மீட்டர் பொய் சொல்லுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மீட்டரு பொய் சொல்லாது. நான் சொல்லுவேன். அதானே சொல்ற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த பில்லும் அப்படியே வந்தது. ஏஜென்சியிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். இந்த வீட்டில் தண்ணீர் முறைகேடாக எடுத்து விற்கப்படுவதாகச் சந்தேகம், அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை இணைப்பு துண்டிக்கப்படும் என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. வரிசையில் ஒரு குடம் முந்தாத மனுஷிக்குத் தண்ணீர்த் திருடி என்று பெயர். கதவில் ஒட்டின காகிதத்தை லைனே நின்று படித்தது. மருமகள் ஏஜென்சிக்காரி, மாமியார் திருடி, நல்ல குடும்பம் என்று யாரோ முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது. மாமியார் அந்தக் காகிதத்தைக் கிழிக்கவில்லை. மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. அவர் படித்ததே ஐந்தாம் வகுப்புதான். முதலில் வந்த தண்ணீர் நாளில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து வைத்து, மீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த தண்ணீர் நாளில் குழாயை இறுக மூடி வைத்துவிட்டு, அதே முக்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுத் தட்டு அடித்த பிறகுதான் திறந்தாராம். இரண்டு நாளும் என்ன பார்த்தார் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு எங்கே முகம் இருந்தது?

செவ்வாய்க்கிழமை காலை இன்ஜினியர் வந்தார். கூடவே ஸ்பேனரோடு இரண்டு ஆட்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சொந்த வீட்டு வாசலில் ஏஜென்சிப் பக்கம் நின்றேன். மாமியார் முக்காலியைத் துடைத்துப் போட்டு, "கட் பண்ணுங்க சார், வாணாங்கல. கீழ் வூட்டுத் தட்டெல்லாம் அடிக்க ஆரம்பிச்சிடிச்சி, தண்ணி வர நேரந்தான், ஒரு பத்து நிமிசம் குந்துங்க" என்றார். கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சின பலூன் ஒன்றை எடுத்து வந்து, திறந்திருந்த குழாயின் வாயில் நூல் சுற்றிக் கட்டினார். ஸ்பேனர்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன், பாவி நான்.

குழாய் உஸ்ஸென்றது. பலூன் மெல்ல எழுந்து நின்றது, உப்பியது, பூசணிக்காய் அளவுக்குப் பருத்தது. "நோடி சார்" என்று தெரிந்த கன்னடத்தில் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினார் மாமியார். கண்ணாடிக்குள் அந்தக் குட்டிச் சிவப்புச் சக்கரம் பேய் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பலூன் படாரென்று வெடித்தது, அப்போதும் சக்கரம் நிற்கவில்லை. காலியாகக் கிடந்த குழாயில் தண்ணீர் ஏறும்போது முன்னால் தள்ளிக்கொண்டு வரும் காற்றில் பெரும்பகுதி, மேட்டுக் கடைசியில் இருக்கிற எங்கள் வீட்டுத் திறந்த குழாய் வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது. குழாயை மூடி வைத்த நாளில் சக்கரம் அசையவே இல்லையாம். மாதக்கணக்கில் நான் அதற்குத்தான் பில் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

"என் வூட்டுக்காரரு ஆயுசு பூரா சுரங்கத்துல கீழ லெவல்ல டிரில் புடிச்சவரு. கம்பிரசர் காத்தாலதான் பாறைய உடைச்சாரு. பாறைய உடைக்கிற காத்து, இந்தத் துக்குணூண்டு சக்கரத்தச் சுத்தாதா சார்?"

இன்ஜினியர் குனிந்து சக்கரத்தை ஒருமுறை பார்த்தார். ஆனால் மேலதிகாரிக்கு யாராவது ஒரு தலையைக் காட்ட வேண்டுமே. சட்டென்று என் பக்கம் திரும்பி, "ரீடிங் எடுத்தது நீதானேம்மா? இத்தனை யூனிட் வந்தபோது கவனிக்க வேண்டாமா?" என்றார். என் வேலை போயிற்று என்று நினைத்தேன்.

மாமியார் நடுவில் வந்து நின்றார். "எங்க வூட்டுப் பொண்ணு எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்ல சார். சக்கரம் சுத்திச்சி, அது எழுதிச்சி. குழாயத் தொறந்து வெச்சது என் தப்பு. காத்த அனுப்பினது உங்க தப்பு. அதுங்கிட்ட இன்னா கேக்குறீங்க?"

பொய்க்காரி என்று நான் சொல்லாமல் சொன்ன மனுஷி, என்னை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசினார். அதற்குள் தட்டில் டங்கென்று முதல் சொட்டு விழுந்தது. அவர் அந்த ஸ்பேனர் ஆட்களுக்கே முதல் செம்பைக் குடிக்கக் கொடுத்தார். இப்படியும் ஒரு மனசு உண்டா என்று அன்றைக்கு நான் பிரமித்து நின்றேன். அந்தப் பிரமிப்பு இன்னும் தீரவில்லை. கொஞ்ச நாளில் லைனின் மேட்டில் காற்று போக ஒரு வால்வு வைத்தார்கள். லைன் முழுக்கப் பழைய பில்களைத் திருத்தினார்கள்.

நான் இப்போதும் மீட்டர்தான் பார்க்கிறேன். மாமியாருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தட்டு மட்டும் அதே இடத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் நாளில் குழாயை மூடி வைத்து, குழாய்த் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை வருஷம் கேட்காத மன்னிப்பை இன்று காலை அவர் காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டேன். "அய்யே, அத இன்னுமா தூக்கிக்கினு திரியிற?" என்று சிரித்தார். பிறகு குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, "குடத்த எடு, தண்ணி வருது" என்றார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மீட்டர் பக்கம் திரும்பப் போனவள் திரும்பவில்லை. உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்வதற்குள் தட்டு அடித்தது.