மூன்று பிஸ்டன்களும் ஓர் உருளைக்கிழங்கும்

ஹில்டிங் தம் அறுபத்தெட்டு வயதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வழி கேட்டதில்லை, விலை கேட்டதில்லை, ஏணி இரவல் கேட்டதில்லை. ஒருமுறை சோபா வாங்க லூலியோ நகரத்துக்குப் போனவர், கடை எந்தத் தெருவில் என்று கேட்கக் கூச்சப்பட்டு ஓட்டிக்கொண்டே போய் பின்லாந்து எல்லையைத் தொட்டுவிட்டார். அங்கே கிடைத்த சோபாவை வாங்கி வந்து, நான் தேடியதே இதைத்தான் என்றார். அதில் இன்றுவரை யாரும் முழுசாக உட்கார்ந்ததில்லை, விளிம்பில் ஒட்டிக்கொள்வோம்.

கல்யாணம்கூட டாக்னிதான் கேட்டாள். நடன மேடைக்குப் பின்னால் நிறுத்தி, "என்னைக் கட்டிக்கிறியா?" என்றாள். ஹில்டிங் மூச்சை உள்ளே சர்ரென்று இழுத்தார். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சம்மதம். வாயைத் திறந்து 'ஆமாம்' என்று சொல்வதெல்லாம் தெற்கே ஸ்டாக்ஹோமில் இருப்பவர்களின் ஆடம்பரம்.

ஹில்டிங்கை மட்டும் குறை சொல்லவும் கூடாது. அவர் கேட்க மாட்டார் என்றால், எங்கள் ரென்விக் ஊர்க்காரர்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். கேட்காதவனிடம் சொல்வது மூக்கை நுழைப்பது. குல்வி வீட்டுப் புகைபோக்கி பற்றி எரிந்தபோது, அதைப் பார்த்த இரண்டு பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி காப்பியில் பாலாடைக்கட்டியைப் போட்டு ஊறவைத்தார்கள். இந்த வருடம் ஏரி எப்போது உறையும் என்று அலசினார்கள். குல்வி, "அப்புறம், வேற என்ன விசேஷம்?" என்று கேட்ட பிறகுதான், "உன் கூரை எரியுது" என்றார்கள். அவ்வளவு நாகரிகமான ஊர்.

மரம் அறுக்கும் ஆலையில் நாற்பது வருடம் பலகை தரம் பிரித்து ஓய்வு பெற்றவர் ஹில்டிங். ஆலை அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது; அது முதல் வாரமே நின்றுவிட்டது. அவருக்கு மிஞ்சியது தடம் ஒன்றுதான். ஊரிலிருந்து உறைந்த ஏரியைக் கடந்து, மலைமேல் சாசேஜ் சுட்டுத் தின்னும் மரக்குடில்வரை போகும் பனிவண்டித் தடம். வண்டிகள் போகப் போக அது மேடும் குழியுமாகிவிடும். அதில் போய்வருபவரின் முதுகெலும்பு மறுநாள் வேறு வரிசையில் இருக்கும். அதனால் ஒருவர் கனத்த இரும்புச் சட்டத்தைப் பனிவண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் சமப்படுத்த வேண்டும். முப்பது குளிர்காலமாக அந்த ஒருவர் ஹில்டிங். எங்கள் ஊர்ப் பனிவண்டி மன்றத்து வரைபடத்தில் அதற்கு 'ஹில்டிங் தடம்' என்றே பெயர். பேரரசர்களுக்குச் சாலைகள் உண்டு. எங்கள் ஆளுக்கு ஏழு கிலோமீட்டர் பனி.

இழுப்பது எண்பத்தேழாம் வருடத்து மஞ்சள் பனிவண்டி. இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அது விடும் நீலப் புகை சாதாரணப் புகையல்ல. ஒருமுறை அதற்குள் நுழைந்த தபால்காரி மறுபக்கம் வெளியே வந்தபோது ஓய்வு பெறும் வயதாகியிருந்தது.

இந்த வண்டிக்கு மூன்று குளிர்காலமாக ஒரே வியாதி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று 'க்ரீச்' என்று பிடித்துக்கொள்ளும். எப்போதும் இடப்பக்க சிலிண்டர். முதல் குளிர்காலம் ஹில்டிங் என்ஜினின் மேல்பாதியைக் கழற்றி, சிலிண்டர் சுவரைத் தேய்த்து, பிஸ்டனுக்குப் புது ரிங் மட்டும் போட்டார். பிடித்துக்கொண்டது. இரண்டாவது குளிர்காலம் இடப்பக்கத்துக்கு மட்டும் புதுப் பிஸ்டன். வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது, அதைத் தொட்டுச் செலவழிப்பானேன்? பிடித்துக்கொண்டது. மூன்றாவது குளிர்காலக் கடைசியில், ஈஸ்டருக்கு மீன்பிடிக்கப் போன அத்தனை பேர் கண்ணெதிரே, நடு ஏரியில் பிடித்துக்கொண்டது. அன்று வண்டியைக் கரைக்கு இழுத்து வந்தவர் சிக்வார்ட். புத்தம்புது வண்டி, சத்தமே வராது, இருக்கை சூடாகும். அப்படிப்பட்டவரிடம் உதவி கேட்டிருப்பாரா ஹில்டிங்? சிக்வார்டே கயிற்றைக் கட்டினார்.

அந்த வாரமே மன்றத்தில் பேச்சு எழுந்தது: நவம்பர் பொதுக்கூட்டத்தில் தடத்தை சிக்வார்டிடம் கொடுத்துவிடலாமா?

அதனால்தான் செப்டம்பரில் ஹில்டிங் சிலிண்டர்களை மீன்கூடையில் போட்டுக்கொண்டு டவுனில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் எவெர்ட்டிடம் போனார். எவெர்ட் பிஸ்டனை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மறுபடியும் இடப்பக்கமா?"

ஹில்டிங் மூச்சை இழுத்தார்.

"சரி, என்னென்ன வழி இருக்குன்னு சொல்றேன். ரிங்கும் கேஸ்கெட்டும் மட்டும்னா தொள்ளாயிரம் குரோனர். ஆனா சுவர்ல இவ்ளோ கோடு விழுந்தப்புறம் ரிங் போடறது, கிழிஞ்ச கோட்டுக்குப் புதுப் பட்டன் தைக்கற மாதிரி."

"அது பண்ணியாச்சு."

"ஒரு பக்கத்துக்கு மட்டும் பிஸ்டன்..."

"அதுவும் பண்ணியாச்சு."

"தெரியும், நான்தான வித்தேன். அப்போ ரெண்டு சுவரையும் சீவி ரீபோர் பண்ணணும். பெரிய சைஸ் பிஸ்டன் ரெண்டு, ரிங், பேரிங், கேஸ்கெட், என் கூலி, எல்லாம் சேத்து ஐயாயிரத்து எண்ணூறு. ஆனா ஒண்ணு, இதுல முன்னாடியே ஒரு தடவை போர் போட்டிருக்கு. இதான் கடைசி. இதுக்கு மேல சீவினா அது சிலிண்டர் இல்ல, காகிதம்."

ஹில்டிங் கூரையைப் பார்த்தார்.

"இல்லன்னா பழைய வண்டிய உடைச்சு விக்கறவன்கிட்ட முழு என்ஜினாவே ஏழாயிரத்துக்குக் கிடைக்கும். உள்ள என்ன இருக்குன்னு அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதுவும் வேணாம்னா புது வண்டி, ஒரு லட்சத்து எழுபதாயிரம். உன் வண்டிய இன்னைக்கு வித்தா எட்டாயிரம் வரும், வாங்கறவன் குடிச்சிருந்தா."

"ரீபோர் போடு."

"போடறேன். ஆமா, மூணு வருஷமா ஒரே பக்கம்தான் போகுது. என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"கேக்க எதுவும் இல்ல."

"ஒண்ணுமில்ல. சும்மா. கேக்கணும்னா கேளு."

"எப்போ கிடைக்கும்?" என்றுகூட அவர் கேட்கவில்லை. வேலை நடந்த ஆறு வாரமும் திங்கள்தோறும் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

விஷயம் இதுதான். கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்க ஒரு ரப்பர் கழுத்து இருக்கிறது. இடப்பக்கக் கழுத்தில், அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு வெடிப்பு. வண்டியும் ஊர் வழக்கப்படி அதன் வழியே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. காற்று கூடினால் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடுதான் எண்ணெய் வருகிறது, அதுவும் குறையும். பிஸ்டன் சூடேறி வீங்கிச் சுவரைக் கவ்விக்கொள்ளும். பிஸ்டன் என்ன, வைரமே செய்து போட்டாலும் கவ்வும். அந்த ரப்பரின் விலை இருநூற்று நாற்பது குரோனர்.

இது யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும் தெரியும். ஹில்டிங் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் வேகம் இறங்காமல் 'ஈஈஈ' என்று கத்துமே அந்த வண்டி, அதைக் கேட்டால் எங்கள் ஊரில் தொட்டிலில் கிடப்பதுகூட ரப்பர் போய்விட்டது என்று திரும்பிப் படுக்கும். எனக்கும் தெரியும். பாதிரியாருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்கவில்லையே!

டாக்னியிடம் ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நீயாவது சொல்லக் கூடாதா?"

"நான் ஒரு தடவை கேட்டேன், கல்யாணம் நடந்துச்சு. அடுத்தது அவன் முறை. நாப்பத்தி மூணு வருஷமா காத்துட்டிருக்கேன், இன்னும் கொஞ்சம் காத்திருந்தா செத்தா போயிடுவேன்?"

அவள் சும்மாவும் இருக்கவில்லை. எவெர்ட் திருப்பிக் கொடுத்த பழைய பிஸ்டன்கள் இரண்டு, அதற்கு முந்தைய வருடத்தது ஒன்று, ஆக மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து, ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி ஜன்னலில் வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளுக்கும் வாரம் ஒன்றாக நான்கு மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமே, அதற்கான தாங்கி.

"ஒண்ணு குறையுது கிழவா," என்றாள். "அவசரமில்ல. டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு."

நவம்பர் கடைசியில், முழங்கால்வரை பனி விழுந்த ஒரு மாலையில், பொதுக்கூட்டம். ஹில்டிங் புது மேல்பாதி பூட்டிய வண்டியிலேயே வந்தார், எல்லோருக்கும் தெரியட்டும் என்று. மன்றத்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினார். அணைக்கவில்லை, ஓடுவதை ஊரே கேட்கட்டும் என்று விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

முதலில் அழகாகத்தான் ஓடியது. தலைவி குல்வி கணக்கு வாசித்தாள். லவங்கப்பட்டை ரொட்டி சுற்றி வந்தது. "அடுத்தது, தடம்," என்று குல்வி சொல்லும்போதுதான் வெளியே சுருதி மாறியது. வேகம் தானாக ஏற ஆரம்பித்தது. ஈஈஈ.

நாற்பது பேரும் ரொட்டியை வாயருகே நிறுத்தினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மேசைத்துணியில் இத்தனை பூக்கள் இருப்பது அன்றுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. இது கடைசி ரீபோர். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கத்தினால் சிலிண்டர் குப்பைக்கு, தடம் சிக்வார்டுக்கு, நான்காவது பிஸ்டன் ஜன்னலுக்கு.

"தடத்தைப் பத்தி," என்றாள் குல்வி, குரலை உயர்த்தி. "ஹில்டிங், நீ ஏதாவது... கேக்கணுமா?"

ஹில்டிங் எழுந்தார். முகம் பீட்ரூட் நிறத்துக்குப் போனது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிரசவ வேதனையை நான் பார்த்திருக்கிறேன். அதுகூட இவ்வளவு இல்லை. வெளியே வண்டி இன்னும் ஒரு படி ஏறியது.

"இதுல..." என்றார். "இதுல என்னதான் கோளாறு?"

"ரப்பர்!"

நாற்பது பேரும் ஒரே நேரத்தில். கோப்பைகள் தட்டில் துள்ளின. மூன்று வருடம் அடக்கி வைத்ததல்லவா! "இடப்பக்க ரப்பரு!" "கார்புரேட்டருக்குப் பின்னாடி!" "அடியில வெடிச்சிருக்குப்பா, அடியில!" கதவருகே உட்கார்ந்திருந்த சிக்வார்ட் காலுறையோடு பனியில் பாய்ந்து ஓடி வண்டியை அணைத்தார். தடத்துக்கு ஆசைப்பட்ட மனிதர். இன்னும் ஒரு நிமிடம் ரொட்டி மென்றிருந்தால் அது தானாக மடியில் விழுந்திருக்கும். காதுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

எல்லோரும் வெளியே வந்தோம். எவெர்ட் வண்டியைக் கிளப்பி, பையிலிருந்து பிரேக் கழுவும் ஸ்ப்ரேயை எடுத்து ரப்பர்மேல் அடித்தார். என்ஜின் சுருதி உடனே தடுமாறியது. அணைத்துவிட்டு விரலால் கழுத்தை வளைத்துக் காட்டினார். வெடிப்பு சிரித்தது.

ஹில்டிங் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். "ஏன் யாரும் சொல்லல?"

"நீ கேக்கலையேப்பா," என்றார் எவெர்ட்.

"இப்போ கேட்டுட்டேன். இது எங்க கிடைக்கும்?" ஒரே நாளில் மூன்றாவது கேள்வி! குல்வி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சிக்வார்ட் தம் கோட்டுப் பையிலிருந்து ஒரு புது ரப்பர் கழுத்தை எடுத்து நீட்டினார். "ரெண்டு வருஷமா வச்சிருக்கேன். நீ கேப்பேன்னு." குல்வி தன் பையிலிருந்து ஒன்று எடுத்தாள். எவெர்ட்டிடம் ஒன்று. பாதிரியார் அங்கிக்குள்ளிருந்து ஒன்று. அந்த வட்டாரத்தில் அந்த ரப்பர் ஏன் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்பது அன்றுதான் விளங்கியது. பதினொன்று எங்கள் சட்டைப்பைகளில் இருந்தது. கடைசியாக டாக்னி கைப்பையைத் திறந்தாள். அவளுடையதற்குக் கம்பளியில் ஒரு சின்ன உறைகூடப் பின்னியிருந்தாள்.

ஹில்டிங் அவளுடையதைத்தான் வாங்கிக்கொண்டார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். குளிர்காற்று கண்ணில் பட்டுவிட்டதாம்.

உள்ளே போய் ஓட்டெடுப்பு. "தடம் ஹில்டிங்கிட்டயே இருக்கட்டுமா?" என்றாள் குல்வி. நாற்பது பேரும் மூச்சை உள்ளே இழுத்தோம். திரைச்சீலைகள் எல்லாம் நடு அறைவரை பறந்து வந்தன. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமாக வளைந்தது. ஏகமனதாக நிறைவேறியது.

ஏரி உறைந்ததும் ஹில்டிங் தடத்தை இழுத்தார், மேசைபோல. இடப்பக்கம் இன்றுவரை கவ்வவில்லை. ஆனால் இன்னொன்று நிற்கவில்லை. கேட்பதில் ருசி கண்டுவிட்டார். வழியில் ஒவ்வொரு வீட்டு முன்பும் வண்டியை நிறுத்தி, "உருளைக்கிழங்கு எப்படி விளைஞ்சுது? பேத்திக்கு வேலை கிடைச்சுதா? அந்த மச்சத்தை டாக்டர்கிட்ட காட்டினியா?" என்கிறார். ஊர் தவிக்கிறது. புகை தெரிந்தாலே விளக்கை அணைத்துவிடுகிறோம். ஆனால் நிறுத்துங்கள் என்று அவரிடம் யார் சொல்வது? அதை மட்டும் அவர் கேட்கவே இல்லை.

நான்காவது ஞாயிறு நான் டாக்னி வீட்டில், அந்தப் பின்லாந்து சோபாவின் விளிம்பில் இருந்தேன். மூன்று மெழுகுவத்திகள் பிஸ்டன்களில் எரிந்தன. நான்காவதை அவள் ஒரு பாதி உருளைக்கிழங்கில் குத்தி நிறுத்தியிருந்தாள்.

ஹில்டிங் பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"ஏன் அதுல மட்டும் உருளைக்கிழங்கு?"

"இந்த வருஷம் ஸ்பேர் பிஸ்டன் வரல," என்றாள் டாக்னி, தீக்குச்சியை உரசி.

ஹில்டிங் மூச்சை உள்ளே இழுத்தார். தீக்குச்சி அணைந்துவிட்டது.