நாலாம் விதியும் ஹாஜரா ராத்தாவின் பீங்கானும்

1. கோழி வந்த சனிக்கிழமை

அன்று பின்னேரம் நான்கு மணி ஏழு நிமிடத்துக்கு மரிசெல் எங்கள் சனசமூக நிலையத்துக்குள் வந்தாள். ஒரு கையில் பூப்போட்ட பீங்கான் கிண்ணம். மற்றக் கக்கத்தில் உயிருள்ள கோழி.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவன். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், மனைவி சோறு வடிக்கும் நேரத்தைக் கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன். ஒரு கிழமைதான் பொறுத்தாள். "வெளியில போய் ஆருக்கும் உதவியா இருங்க" என்று அனுப்பிவிட்டாள். அப்படித்தான் ஆரையம்பதியில் எங்கள் வட்டாரத்துச் சனசமூக நிலையத்தில் தொண்டனானேன்.

சனிக்கிழமைகளில் நான்கு மணி முதல் ஆறு மணி வரை எங்கள் வேலை. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தப் பக்கம் குடியேறியவர்கள் வருவார்கள். தேத்தண்ணி கொடுப்போம், தமிழ் பேசிப் பழக்குவோம், விசா நீடிப்புப் படிவம் நிரப்பிக் கொடுப்போம், வீட்டுக்குள் பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்வோம். தொண்டர்கள் இரண்டு பேர்தான். நானும், ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற கமலா ரீச்சரும்.

மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. கட்டாரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தபோது எங்கள் ஊர்ப் பொடியனைக் கலியாணம் முடித்தவள். அவன் இங்கே ஒரு வீடு கட்டி, அவளைக் கொண்டுவந்து இருத்திவிட்டு, இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் பாக்கி என்று திரும்பப் போய்விட்டான்.

"ஐயா, நாலாம் விதி" என்றாள் மரிசெல். "எதிர்வீட்டு ராத்தா கோழி தந்தா. இப்ப நான் என்ன குடுக்க? மாடு?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்து, கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "ஐயா, மாசக் கடைசியில நான் கொழும்புக்குப் போறன். அங்க என்ட கூட்டாளிகள் இருக்கா. எனக்கு பஸ்ஸில ஒரு சீட் போட்டுத் தாங்க. இஞ்ச எனக்கு ஏலாது."

கோழி மடியிலிருந்து மேசைக்குத் தாவி, யாரோ ஒருவரின் விசா நீடிப்புப் படிவத்தின் மேல் நின்று தன் முத்திரையைக் குத்தியது.

2. என் கையேடு

இந்த அழுகைக்குக் காரணம் நான்தான். அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்டனாகச் சேர்ந்த முதல் மாதமே புதிதாக வருபவர்களுக்கு ஒரு கையேடு எழுதினேன். பத்து விதிகள். டிப்போ அறிவித்தல் மாதிரி இலக்கம் போட்டு, லமினேட் பண்ணி ஆளுக்கொன்று கொடுத்தேன். கமலா ரீச்சர் அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்துவிட்டு, "மனிசர் பழகுறதுக்கு இலக்கம் என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டா. நான் காதில் வாங்கவில்லை.

இரண்டாம் விதி முதலில் காலை வாரியது. யாராவது சாப்பிடச் சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது, மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கைகழுவ வேண்டும் என்று எழுதியிருந்தேன். ஒல்லாந்துக்காரர் ஒருவர், இங்கே பெண் எடுத்து மாமியார் வீட்டில் இருப்பவர், ஒரு பிறந்தநாள் விருந்தில் விரலை மடக்கி, "வேணாம், ஒண்டு. வேணாம், ரெண்டு. வேணாம், மூண்டு" என்று எண்ணிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாராம். அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

வெளிநாட்டு மாப்பிள்ளைமாரால் எங்களுக்குத் தொல்லை குறைவு. எங்கள் மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் மாமியார் பார்த்துக்கொள்வா. மரிசெல் மாதிரி வெளிநாட்டுப் பெண் வந்தால்தான் சிக்கல். தாய் வீடு கடலுக்கு அப்பால். பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் என் கையேடு ஒன்றுதான்.

அதில் நாலாம் விதி இப்படி இருந்தது: அயலவர் சாப்பாடு அனுப்பிய பாத்திரத்தை ஒருபோதும் வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது.

3. பீங்கானின் ஓட்டம்

மரிசெலின் வீடு எங்கள் ஊரும் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் முட்டுகிற ஒழுங்கையில் இருக்கிறது. எதிர்வீடு ஹாஜரா ராத்தாவுடையது; அக்காவை அங்கே ராத்தா என்பார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், ராத்தா மட்டும் வீட்டில். மரிசெல் குடிவந்த கிழமையே அவ அந்தப் பூப்போட்ட பீங்கானில், கருப்பட்டியும் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் அனுப்பினா.

மரிசெல் கையேட்டைப் பார்த்தாள். முட்டையும் பாலும் சீனியும் போட்டுத் தன் ஊர் இனிப்பு ஒன்றை அவித்து, அடுத்த நாளே அதே பீங்கானில் திருப்பி அனுப்பினாள். ராத்தா ருசி பார்த்துவிட்டு, "இதுவும் வட்டிலப்பம்தான். கருப்பட்டி போட மறந்திட்டா" என்றாவாம்.

அதற்கு மறுநாள் பீங்கான் புரியாணியோடு வந்தது. நூடுல்ஸோடு போனது. வாவி நண்டுக் கறியோடு வந்தது. கோழி அடோபோ என்று ஏதோ ஒன்றோடு போனது. கட்டாரில் ஐந்து வருடம் சமைத்தவள் என்பதால் அந்த வீட்டுக்கு எதை அனுப்பக் கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்று கிழமை அந்தப் பீங்கான் ஒழுங்கையைக் கடந்துகொண்டே இருந்தது. என் டிப்போவில் ஒரு பஸ்கூட அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

நாங்களாக இருந்தால் என்ன செய்வோம்? பீங்கானைக் கழுவி அடுப்படித் தட்டில் வைத்து மறந்துவிடுவோம். கொடுத்தவரும் மறந்துவிடுவார். நல்ல நாள் பெருநாள் வரும்போது ஏதாவது போட்டு அனுப்புவோம். இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியைப் போட்டு அன்றே கணக்கை முடிப்போம். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. பஸ் புறப்படும் நேரத்தைப் போட்டேன், கடைசித் தரிப்பிடத்தைப் போட மறந்துவிட்டேன்.

பாவம், மரிசெல் பகல் முழுக்கச் சமைத்தாள். அடுத்து எதை அனுப்புவது என்று யோசித்து யோசித்துத் தூக்கமில்லாமல் கிடந்தாள். கடைசியில் கோழி வந்தது. காலைக் கட்டிப் பீங்கானுக்குள் உட்கார்த்தியிருந்தாவாம் ராத்தா.

4. திருத்தச் சட்டம்

கோழிக்கு அரிசி போட்டுவிட்டு, ரீச்சரும் நானும் அவசரக் கூட்டம் வைத்தோம்.

"நான் போய் ஹாஜராவோட கதைக்கிறன்" என்றா ரீச்சர்.

"என்னெண்டு கதைப்பீங்க? உங்கட சாப்பாடு போதும் எண்டா? அவ கோவிப்பா" என்றேன். "விதியால வந்ததை விதியாலதான் தீர்க்கோணும். நாலு அ. அவசர நிலையில் பாத்திரத்தை வெறுமையாக அனுப்பலாம்."

"வெறும் பீங்கானா? ஐயா, உங்களுக்கு விசரா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கையேட்டில் என் கையாலேயே நாலு அ என்று எழுதி, மரிசெலிடம் கொடுத்தேன். "நாளைக்குக் கழுவித் துடைச்சு ராத்தாட மதிலில வச்சிட்டு வாங்க மகள். எல்லாம் சரியாகும்" என்றேன். மனதுக்குள் எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

5. ஒழுங்கை நிறையச் சனம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மரிசெல் பீங்கானை மதிலில் வைத்தாள். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டி, மூன்று கிழமைக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

இரண்டு இருபதுக்கு என் தொலைபேசி அடித்தது. கமலா ரீச்சர். "ஐயா, கெதியா வாங்க. உங்கட நாலு அ ஒழுங்கையில நிக்குது."

சைக்கிளில் பறந்தேன். மரிசெலின் வாசலில் இருபது இருபத்தைந்து பேர். ஹாஜரா ராத்தா வெறும் பீங்கானைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா.

"வெறுமையா வந்திருக்கு! கழுவித் துடைச்சு வந்திருக்கு! தட்டுறம், திறக்கிறாளும் இல்ல! அல்லாஹ்வே, அந்தப் புள்ளைக்கு என்னமோ நடந்திட்டு!"

ஒருவர் ஓதின தண்ணீர்ப் போத்தலோடு நின்றார். இன்னொருவர் திருநீற்றுத் தட்டோடு நின்றார். யாரோ ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். ஒரு மனிதர் அலவாங்கைக் கொண்டுவந்து, "கதவை உடைக்கவா?" என்று ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தில், கன்னத்தில் தலையணைத் தழும்போடு மரிசெல் நின்றாள். ராத்தா பாய்ந்துபோய் நெற்றியைத் தொட்டா. "என்ன புள்ள செய்யுது? காய்ச்சலா? மாப்பிள்ளைக்கு ஏதுமா?"

மரிசெல் எல்லோரையும் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினாள். "ஐயா சொன்னார். நாலு அ."

இருபத்தைந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வாழ்க்கையில் ஒரு பஸ்ஸாவது நேரத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகாதா என்று நான் ஏங்கிய ஒரே தருணம் அது. வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னேன்.

"டைம்கீப்பர் அண்ணன்" என்றா ராத்தா, "சாப்பாட்டுக்கு விதி போட இதென்ன பஸ்ஸா? உம்மா இல்லாத இடத்துக்கு வந்த புள்ள எண்டு ஒருநாள் அனுப்பினன். அவ அடுத்த நாளே திருப்பி அனுப்பிறா. நான் பேசாம இருந்தா, ராத்தாக்குத் தன்னைப் பிடிக்கல்ல எண்டுதானே நினைப்பா? மூணு கிழமையா முழங்கால் நோவோட அடுப்படியில நிக்கிறன். இது ஒருக்கா நிக்கட்டும் எண்டு நானும் அல்லாஹ்ட்ட துஆக் கேட்டன்."

"அப்ப ஏன் கா கோழியை அனுப்பின?" என்று கேட்டா ரீச்சர்.

ராத்தா குரலைத் தாழ்த்தினா. "சமைக்க ஏலாமப் போச்சு. உசிரோட குடுத்தா அவ அதை வளப்பா, பீங்கான் வரச் சுணங்கும் எண்டு நினைச்சன்."

ரீச்சர் அதை ஆங்கிலத்தில் மரிசெலுக்கு விளங்கப்படுத்தினா. மரிசெல் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராத்தாவும் சிரித்து, முழங்கால் மடங்காமல் பக்கத்தில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தா. அலவாங்குக்காரர் மட்டும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போனார்.

சிரித்து முடிய மரிசெல் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ராத்தா, நான் சும்மா வரட்டா? பீங்கான் இல்லாம? கையில ஒண்டும் இல்லாம?"

"வாயை மட்டும் கொண்டு வா புள்ள" என்றா ராத்தா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சைக்கிள் செயினைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

புதன்கிழமை மரிசெல் தொலைபேசியில் வந்தாள். "ஐயா, கொழும்பு சீட் வேணாம். வெள்ளிக்கிழமை ராத்தா வீட்டில சாப்பாடு."

கையேட்டுப் பிரதிகளை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டேன். லமினேட் பண்ணியதால் கிழிக்க முடியவில்லை. ரீச்சர் அவற்றைத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு அடியில் வைக்கிறா.

இப்போது தொண்டர்களாகச் சேரும் இளம் பிள்ளைகள், வந்தவர் ஊரோடு சேர்ந்துவிட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். தமிழ் எவ்வளவு பேசுகிறார், எத்தனை பழக்கம் தெரிந்திருக்கிறது என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. வெறுங்கையோடு போய் உட்கார்ந்து சாப்பிட அவருக்கு ஒரு வீடு இருக்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்வேன்.