சிவசக்தியின் வகுப்பு நேரம்

சிவசக்தி பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது ஹல்துமுல்லை டவுனிலிருந்து மாலை வாங்கி வந்து போட்டோம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள்தான் முதல் ஆள். பெட்டி கட்டி வைத்த வாரத்தில் கொரோனா என்று எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். பல்கலைக்கழகம் போனுக்குள் வந்தது, பிள்ளை, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயத்து அறைகளில் ஒன்றுக்குள் அடைபட்டாள்.

வகுப்பு பின்னேரங்களில். அவள் கதவைச் சாத்தியதும் லயமே வாயைப் பொத்திக்கொள்ளும். கடைசி அறை அழகையா ரேடியோவை நிறுத்துவார். வாசலில் விளையாடும் பிள்ளைகளை விரட்டுவோம். பக்கத்து அறையில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கும் நானும் துணியை மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பெரிய தியாகம் செய்கிறேன் என்று எனக்கு நினைப்பு வேறு.

எங்கள் இரண்டு அறைக்கும் நடுவே இருப்பது பேருக்குத்தான் சுவர். ஆரம்பத்தில் அவளுடைய சார் இங்கிலீஷில் பேசுவது எனக்கும் கேட்கும். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. காதில் வயர் மாட்டியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். பிள்ளை மெலிந்துகொண்டே போனாள். பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருவாள்.

ஒருநாள் அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, பேய் புடிச்ச மாதிரி இருக்க?"

"அத்தை, கிளாஸ் நேரத்துல மெஷின ஓட்டுங்களேன்."

"நீ படிக்கிற நேரத்துலயா?"

"நான் எங்க படிக்கிறேன்? சார் சொல்றது ஒன்னும் புரியல. கேக்கவும் பயமா இருக்கு. இப்ப போனத் தொறக்குறதே இல்ல. கதவச் சாத்திக்கிட்டு செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க எல்லாரும் எனக்காக சத்தம் போடாம இருக்கீங்க. அதுதான் மூச்ச அடைக்குது அத்தை."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அன்று பின்னேரம் அவள் கதவைச் சாத்தியதும் மெஷினை மிதித்தேன். லயமே திரண்டு வந்து கத்தியது. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அவளுடைய அம்மா இராக்கம்மா நேரே என்னிடம் பாய்ந்தாள்.

"எம்புள்ள படிக்கிறது ஒனக்குப் பொறாமையாடி?"

சிவசக்தி கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"அத்தைய ஏசாதீங்கம்மா. நான் படிக்கல. ஒரு மாசமாவே படிக்கல."

இராக்கம்மா எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"தலவலி அதுக்கு. ஒளறுது."

மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"கதவத் தொற இராக்கம்மா. அவ சொன்னது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."