தெரியாது என்று சொன்ன அத்தை

திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஆள் வந்து, "சவரியம்மா போயிட்டாங்க" என்றபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போடாமலே அடுப்பை அணைத்தேன். அவர் என் தகப்பனாரின் அக்காள்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய காலம். விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அத்தை புதுச்சேரியில் தையல் வேலை செய்து தனியே வாழ்ந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் நானும் தங்கை லூர்துவும் அங்கே போய், அவரை ரயிலில் அழைத்து வருவோம். பிரெஞ்சுக்காரன் ஊரில் பூப்போட்ட சீட்டித்துணி மலிவு. ஆனால் எல்லையில் சுங்கக்காரர்கள் ஏறிச் சோதிப்பார்கள். எங்கள் பாவாடைத் துணியை அத்தை இடுப்பில் சுற்றி, மேலே சேலை கட்டி, செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்.

"கேட்டாத்தான் பதிலு. கேக்காட்டி பேசாம குந்திக்கினு இரு" என்பார்.

துணி போனால் போகட்டும். ரயில்வே ஆள் வீட்டுக்கே கள்ளத்துணி என்று தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும். அந்தப் பயம்தான் எங்களுக்கு.

ஒரு வருஷம் அத்தை மாட்டிக்கொண்டார். துணியை உருவிய பிறகு அதிகாரி எங்களைக் காட்டி, "இது யார் வூட்டுப் பசங்க?" என்றார். லூர்து வாயைத் திறந்தாள், தொடையில் கிள்ளினேன். அத்தை எங்களை நேராகப் பார்த்தார்.

"தெரியாதுங்க. எந்த வூட்டுப் பசங்களோ."

அவரை இறக்கிக்கொண்டு வண்டியை விட்டுவிட்டார்கள்.

வீட்டில் சொன்னதும் அப்பா சட்டையை மாட்டினார். அம்மா வழிமறித்தார்.

"நீங்க போனா வேலை பூடும்."

"அக்காவ அங்க வுட்டுட்டு எனக்கு இன்னாடி பண்டிகை?"

அப்பா கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் கிறிஸ்துமஸ். காலைப் பூசைக்குப் பழைய பாவாடையில் போனோம். பாலன் ஏசுவின் சுரூபத்தை முத்தமிடும்போதுகூட என் கண் கோயில் வாசலில்தான் இருந்தது. வேலை போயிருக்குமோ, அத்தையை ஜெயிலில் போட்டிருப்பார்களோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து வந்தால், அப்பாவும் அத்தையும் புழுதிக் காலோடு வெளியே நிற்கிறார்கள். சுங்கச் சாவடியில் அப்பா வாயெடுக்கும் முன்பே அத்தை, "இந்த ஆளையும் எனக்குத் தெரியாதுங்க" என்று அதிகாரியிடம் முந்திக்கொண்டாராம். துணியைப் பறித்துக்கொண்டு, விடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். அப்பா அதுவரை வெளியே காத்திருந்தார்.

"ஏசுவத் தெரியாதுன்னு அவரு சீடரு ராயப்பரே மூணு தபா சொன்னாரு. நான் ரெண்டோட நிறுத்திக்கினேன்" என்று அத்தை சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

சிரித்தவர் நேரே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். திரும்பும்போது கண் சிவந்திருந்தது. என் தலையைத் தொட்டு, "உன்னயே தெரியாதுன்னுட்டேனே கண்ணு" என்றார். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு அழுகை வருகிறது. புதுப்பாவாடை இல்லாத அந்தப் பண்டிகையைப் போல் இன்னொன்று எங்களுக்கு வாய்க்கவில்லை.

கடைசிக் காலத்தில் திண்டிவனத்தில் வந்து தங்கினார். நேற்று அங்கே கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அப்பா முன்னால் வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இவங்க என் அக்கா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மண் போட்டார்.

போய் வாருங்கள், அத்தை.