இருவருக்கும் சொன்ன சரி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று காலையில் அம்மாவிடம் சரி என்றேன். மதியம் அப்பாவிடமும் சரி என்றேன். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவர்கள் விவாகரத்து வாங்கி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மா தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வேலை தேடி வந்தவள்; பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். அப்பாவுக்குச் சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பிரிந்த பிறகு அப்பா ஊருக்கே போய் முருங்கைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். கோர்ட் சொன்னபடி, பள்ளி நாட்களில் நான் அம்மாவோடு திருப்பூரில் இருப்பேன். சனிக்கிழமை பஸ் ஏறி அப்பாவிடம் போவேன். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன்.

தாராபுரத்தில் பஸ் மாறும்போது என் பேச்சும் மாறிவிடும். பேச்சு மாறினால் பரவாயில்லை, நானே மாறிப்போவேன். அப்பா வைக்கும் முருங்கைக்காய்க் குழம்பை மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்து, அம்மாவிடம் ஒரே புளிப்பு என்பேன். அவள் முகம் லேசாக மலரும். அம்மா நன்றாகத்தான் இருப்பாள். ஆனால் அப்பா விசாரித்தால், "அடிக்கடி தலைவலிங்கப்பா" என்பேன். அவர் முகத்தில் கவலையோடு ஒரு நிம்மதியும் வந்து போகும். இப்படிச் சொல் என்று இருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஓரிடத்தில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால், மற்றவருக்குத் துரோகம் செய்வதுபோல எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

அந்த வருடம் அம்மாவுக்குக் குன்னத்தூர்ப் பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. முடிவைப் போனில் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள்.

"ஏட்டி, கணக்குல நூறா? வீட்ட குன்னத்தூருக்கே மாத்திருவோம். அங்க பயாலஜி குரூப் எடுத்துப் படி. நர்ஸ் ஆயிருவ. என்ன சொல்லுத?"

"சரிம்மா."

மதியம் அப்பா அழைத்தார். "கண்ணு, நாலு வருசம் உங்கம்மாகூட இருந்துட்டே. இந்த ரெண்டு வருசம் நம்மூட்ல இருந்து படியேன். இங்கயும் ஸ்கூலு இருக்குது."

"சரிங்கப்பா."

எனக்கு வேண்டியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் பழைய கம்பெனியில் ஒருநாள், அளவு போடுகிற அக்கா கம்ப்யூட்டர் திரையில் ஒரு சட்டைக் கையை இழுத்து நீட்டி, சுருக்கி, அப்படியே அடுத்த அளவுக்கு மாற்றிக் காட்டினாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்தப் பிரிவு என் பள்ளியிலேயே இருந்தது. நான் எங்கும் போகவே வேண்டியதில்லை.

அடுத்த புதன்கிழமை அம்மா லீவு போட்டு, டி.சி. வாங்க என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். கையில் அதே டி.சி.க்கான விண்ணப்பம். நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

உள்ளே மேடம் இரண்டு விண்ணப்பங்களையும் பார்த்தார். "டி.சி. ஒண்ணுதான் தர முடியும். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு ஸ்கூல் சொல்றீங்க."

"எங்கிட்ட சரின்னு சொல்லியிருக்கா மேடம்" என்றாள் அம்மா.

"புள்ள எங்கிட்டயும் சரின்னுதானுங்க சொல்லுச்சு" என்றார் அப்பா.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு முகத்திலும் கோபமில்லை. பயம்தான் இருந்தது, நான் மற்றவர் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று. அவர்களும் என்னைப்போலத்தான் பயந்துகொண்டிருக்கிறார்கள் என்று அந்த நொடியில் தெரிந்தது. அது தெரிந்ததும் என் பயம் விட்டுப்போனது.

"எனக்கு டி.சி. வேண்டாம் மேடம்" என்றேன். "இங்கயேதான் படிக்கணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். நாலு வருசமா சொல்லிட்டிருக்கேன். அப்பா வீட்ல நல்லா சாப்பிட்டுட்டு வந்து, நல்லால்லைன்னு சொன்னேன். அம்மா நல்லா இருந்தப்பவும் தலைவலின்னு சொன்னேன்."

"எனக்கா தலைவலி?" என்றாள் அம்மா.

"ரெண்டு தடவ தைலம் வாங்கிக் குடுத்து உட்டனே, அத என்ன கண்ணு பண்ணுனே?" என்றார் அப்பா.

இரண்டு பாட்டிலும் என் பள்ளிப் பையின் அடியில் கிடந்தன. அதைச் சொன்னதும் முதலில் சிரித்தவள் அம்மாதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா குனிந்துகொண்டார், அவர் தோள் குலுங்கியது. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

மேடம் அம்மாவிடம், புதுக் கம்பெனி வேன் திருப்பூருக்கு வருமா என்று கேட்டார். வரும் என்று அம்மா ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ட மாத்தல மேடம். நானே போய்ட்டு வாரேன்" என்றாள். அப்பா மேஜையிலிருந்த தன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்.

"சனி ஞாயிறு வருவேனுங்கப்பா" என்றேன். "கோர்ட்ல சொன்னாங்கன்னு இல்லீங்க. எனக்குப் பிடிச்சுத்தான் வர்றேன்."

அவர் மேடத்தைப் பார்த்து, "இத என்ற புள்ள வாயில கேக்க நாலு வருசம் ஆச்சுங்க" என்றார். பிறகு தன் விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடுதான் இருந்தது. "அவுக போடட்டும்" என்றாள் அம்மா. "இல்ல, நீயே போடு" என்றார் அப்பா. "ரெண்டு பேரும் போடுங்க, இடம் இருக்குது" என்றார் மேடம். ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. மை காயும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. தாளை வாங்கிக்கொண்டு, அதைக் கொடுக்க வேண்டிய மாடி அறைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன். வராந்தாவில் ஓடாதே என்று யாரோ அதட்டினார்கள். நிற்கவே இல்லை.

அந்த வாரம் மூலனூர் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்பினேன். "எப்படி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. நாள் பூரா அப்பாகூடக் காய் பறிச்சேன்."

அம்மா என் பையை வாங்கி வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "வெயில்ல கறுத்துப்போய் வந்திருக்க, கழுதை" என்று சிரித்துவிட்டுத் தோசைக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். உண்மையைச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்ற யோசனையே இல்லாமல், அன்று ஏழு தோசை சாப்பிட்டேன்.